ஆளுக்கு ஒரு பாரம்: தமிழ்த்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, நம் பகுதிக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் முடித்து, இப்போது மெய்ப்புத் திருத்துவதை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பதை, பிழைப்பாகக் கொண்டிருப்பவள் நான். முதுகலை இரண்டாம் ஆண்டில் கட்டாயமாக இருந்த ஒரு மாத உள்ளகப் பயிற்சிக்காகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறு பதிப்பகத்தின் மாடிப்படி ஏறியதால்தான் இந்தத் தொழில் எனக்கு அமைந்தது. அப்படி ஒரு மாதம் என் வகுப்புத் தோழர்கள் பலருக்கு வாய்க்கவில்லை. இன்று என்னிடம் பயிற்சிக்கு இடம் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் மாணவர்களும் வணக்கம் சொன்ன கையோடு "சான்றிதழ் எப்போது கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் இம்மடலை உங்கள் முன் வைக்கிறேன்.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தெரிந்தவரின் கணினி மையத்திலோ நகல் கடையிலோ முத்திரையிட்ட தாள் ஒன்றை வாங்கி, முந்தைய ஆண்டு மாணவரின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி, கம்பிச்சுருள் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லூரி கேட்டது முப்பது நாள் வருகையும் முப்பது பக்க அறிக்கையும்தான். கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். எதைக் கேட்பது என்பதில்தான் பிழை என்று நினைக்கிறேன். பயிற்சியை நாள் கணக்கில் அளக்காமல் நூல் கணக்கில் அளக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நான் கற்ற விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது என்பதும், உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது என்பதும் எனக்கு மனப்பாடம். இதழியல் தாளிலும் இலக்கிய வரலாற்றுத் தாளிலும் அவற்றுக்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பதிப்பகத்தில் முதல் நாள், "ஒரு பாரத்துக்கு எத்தனை பக்கம், கண்ணு?" என்று உரிமையாளர் கேட்டபோது, பாரம் என்றால் சுமை என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளைக் கையில் கொடுத்து மூன்று முறை மடிக்கச் சொன்னார். மடித்ததைப் பிரிக்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் 1 முதல் 16 வரை எண் போடச் சொன்னார். இப்படி மடித்துச் சேர்க்கும் பதினாறு பக்கம்தான் ஒரு பாரம் என்றார். பிறகு விரித்துப் பார்க்கச் சொன்னார். தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 என்றும் மறுமுகத்தில் மீதி எட்டு எண்களும் சிதறிக் கிடந்தன. சில எண்கள் தலைகீழாக நின்றன. ஆனால் முதுகு மடிப்பின் இருபுறமும் அடுத்தடுத்து நின்ற எந்த இரண்டு எண்ணைக் கூட்டினாலும் 17 வந்தது. நூல் என்பது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாக அச்சாகும் ஒன்று என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்த தமிழ் முதுகலை மாணவிக்கு அந்தப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

அந்த மாதம் நான் முழுதாக உடனிருந்த நூல், ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நினைவுக் குறிப்பு. டெமி அளவு, 208 பக்கம், 500 பிரதி. 208 என்பது எழுதியவரின் விருப்பமன்று. பதின்மூன்று பாரத்தின் கணக்கு. பக்க வடிவமைப்பு முதன்முறை முடிந்தபோது நூல் 209ஆம் பக்கத்தில் மூன்று வரி நீண்டு நின்றது. அந்த மூன்று வரிக்காக இன்னொரு பாரம் ஏற்ற முடியாது என்பதால், நூல் முழுவதும் தேடி, கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கும் பத்திகளைக் கண்டுபிடித்து, ஆசிரியரின் ஒப்புதலோடு அங்கங்கே ஒரு சொல்லைக் குறைத்து அந்த மூன்று வரியையும் உள்ளே இழுத்தோம். சொற்சிக்கனம் பற்றி நன்னூல் சொல்வதை வகுப்பில் படித்தபோது இவ்வளவு கூர்மையாக அது என்னைத் தொட்டதில்லை.

தாள் வாங்கும் கணக்கையும் என்னிடமே போடச் சொன்னார். டபுள் டெமி என்ற பெரிய தாள் ஒன்றில் இருபுறமும் சேர்த்து 32 பக்கம், அதாவது இரண்டு பாரம் பிடிக்கும். பிரதி ஒன்றுக்கு ஆறரைத் தாள். 500 பிரதிக்கு 3,250 தாள், அதாவது 500 தாள் கொண்ட ரீம் கணக்கில் ஆறரை ரீம். அச்சு ஓட்டத்தில் வீணாவதற்கு மேலே கொஞ்சம். 23க்கு 36 அங்குல அளவில் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ அச்சுத்தாள் ஒரு ரீம் 18.7 கிலோ வரும் என்பதால் மொத்தம் 120 கிலோவுக்கு மேல் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. தாளுக்கும் நார்ப்போக்கு உண்டு, அது நூலின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் புத்தகம் திறந்தபடி படியாது என்பதைத் தாள் கடைக்காரர் ஒரு துண்டைக் கிழித்தே காட்டினார். ஒரு திசையில் நேராகவும் மறுதிசையில் கோணலாகவும் கிழிந்தது. நெசவாளர் வீட்டுப் பெண் என்பதால் பாவும் ஊடையும் எனக்குத் தெரியும். தாளுக்குள்ளும் அப்படி ஒரு திசை இருக்கும் என்று தெரியாது. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் புகளூர் ஆலையும், காவிரிக்கரையிலுள்ள பள்ளிபாளையம் ஆலையும் நம் மாவட்டங்களிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. தமிழ்த்துறைச் சுற்றுலாக்கள் கோயில்களுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு முறை அந்தப் பக்கமும் போகலாம் என்கிறேன்.

ஆசிரியர் கொடுத்த கோப்பு பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபின், காபித் தோட்டங்கள் அடிக்கடி வரும் அத்தனை பெரிய நூலில் "காபி" என்ற சொல்லைத் தேடினால் எதிர்பார்த்ததில் பாதிகூட அகப்படவில்லை. தட்டச்சு செய்தவர் பல இடங்களில் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தார். திரையில் "கரபி"யும் "காபி"யும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் உட்கார்ந்திருந்த இடங்கள் தனி. இவற்றைக் கணினியே திருத்திவிடும் என்று நினைத்திருந்தேன். பாதியைத்தான் அது திருத்தியது. மீதிக்கு அடிக்கோலை வரியின் கீழே வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்கும் பழைய ஒப்புநோக்கல்தான் கைகொடுத்தது.

பின்னிணைப்பில் சேர்க்க வேண்டிய ஒரு பழைய பள்ளி ஆண்டறிக்கை, லை, னை போன்றவற்றைத் துதிக்கை வளைத்து எழுதிய காலத்தது. அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான், 1935இல் குடி அரசு இதழில் பெரியார் ஏன் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார் என்பது எனக்கு உடம்பில் ஏறியது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த நாளில் அப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டெழுத்துக்கும் தனி அச்சு வேண்டும், எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸ் பெட்டியில் தனிக் குழி வேண்டும், அச்சுக் கோப்பவரின் கை அந்தக் குழிவரை நீள வேண்டும். 1978இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்தச் சீர்திருத்தத்தைத் தேர்வில் நான்கு வரி எழுதியிருக்கிறேன்; அதன் பின்னால் ஒரு தொழிலாளியின் கை இருந்தது என்று எந்தக் குறிப்பேட்டிலும் நான் எழுதியதில்லை.

செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலில் ஓரிடத்தில் "பொழுதோட வந்து பார்த்தார்" என்று இருந்தது. நான் சிவப்புப் பேனாவால் அதைப் "பொழுதோடு" என்று திருத்தினேன். அடுத்த வரியில் விளக்கேற்றுகிறார்களே, பொருள் இடிக்கிறதே என்று மேலும் ஒரு படி போய், விளக்கேற்றும் வரியின் ஓரத்தில் கேள்விக்குறியும் போட்டு வைத்தேன். உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல சாயங்காலத்த எப்படிக் கண்ணு சொல்வீங்க?" என்றார். பொழுதோட என்றுதான் சொல்வோம். பிறந்தது முதல் காதில் விழுந்த சொல்லை, கையில் சிவப்புப் பேனா வந்தவுடன் நான் பிழையாகப் பார்த்திருக்கிறேன். பொதுத்தமிழில் "பொழுதோடு" என்றால் காலத்தோடு, நேரத்திலேயே என்று பொருள். நம் பக்கத்தில் அது மாலை. ஐந்து ஆண்டு தமிழ் படித்தவள் அந்த ஆசிரியரின் மாலைப்பொழுதை அழித்துவிடப் பார்த்தேன் என்பதை இன்றும் ஒவ்வொரு மெய்ப்புக்கு முன்னும் நினைத்துக்கொள்கிறேன். எதைத் திருத்தக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு சொல்தான்.

அதே நூலில் சேர்வராயன் மலை, சேர்வராயர் மலை, ஷெவராய் மலை என்று மூன்று விதமாக ஒரே மலை வந்தது. எதை ஏற்பது என்று முடிவுசெய்து குறிப்பேட்டில் எழுதி, நூல் முழுக்க ஒன்றாக்கினோம். மேற்கோளுக்குள் வருவதை மட்டும் அப்படியே விட்டோம். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஓர் இயலில் 18, இன்னோர் இயலில் 20. ஆசிரியரைக் கேட்டால் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே போனேன். 20தான். திரும்பி வந்து ஓர் எண்ணைத் திருத்தினேன். ஒரு முழு நாள் செலவு. எங்கள் உரிமையாளர் அதை வீண் என்று சொல்லவில்லை.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். வாங்குவதும் சட்டப்படி நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவதும் சின்ன வேலைகள். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இந்தியாவில் அந்த எண்ணைக் கட்டணமின்றித் தருகிறது. பதின்மூன்று இலக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். நான் கையாலேயே போட்டுச் சரிபார்த்தேன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு, நூல் வெளியான 30 நாளுக்குள் பிரதி போக வேண்டும். அஞ்சலகத்தில் வரிசையில் நின்று அனுப்பினேன்.

நூல்களைக் கட்டும் கட்டுமானக் கூடத்தைப் பற்றி ஒரு சொல். அச்சான பாரங்களை மடித்து, பதின்மூன்றையும் வரிசை மாறாமல் அடுக்கி, தைத்து, அட்டை ஒட்டுவதற்கு அனுப்புகிறவர்கள் ஐந்து பெண்கள். நான் ஒரு பாரத்தை மடிக்கும் நேரத்தில் ஓர் அக்கா பத்தை மடித்திருப்பார். ஏழாம் பாரம் இரண்டு முறையும் எட்டாம் பாரம் இல்லாமலும் ஒரு பிரதி அடுக்கப்பட்டுவிட்டதை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவர், பாரத்துக்கு ஒன்றாக முதுகில் படிக்கட்டுபோல இறங்கும் கறுப்புக் கட்டங்களில் ஒன்று குறைவதை வைத்துக் கண்டுபிடித்தார். அவர்கள் பெயர் எந்த நூலின் முன்பக்கத்திலும் வருவதில்லை.

இனி உங்களிடம் கேட்பது. "நம் பகுதியில் இத்தனை மாணவர்களுக்கு இத்தனை பதிப்பகங்கள் எங்கே இருக்கின்றன?" என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் துறைகளே பதிப்பகங்கள்தாம். ஆண்டுதோறும் கருத்தரங்கம் நடத்தி, கட்டுரைக் கோவை ஒன்றை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வெளியிடுகிறீர்கள், ஆண்டு மலர் வெளியிடுகிறீர்கள். மனத்தில் பட்டதைச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும்: அந்தக் கோவைகளில் பலவற்றை யாரும் மெய்ப்புப் பார்த்ததாகத் தெரியவில்லை. கட்டுரையாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பியது, ஐந்து எழுத்துரு ஐந்து அடிக்குறிப்பு முறையோடு, அப்படியே அச்சுக்குப் போகிறது; ஒற்றுப்பிழையைப் பற்றிய கட்டுரையிலேயே ஒற்றுப்பிழை இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த வேலையை மாணவர்களிடம் கொடுங்கள். 208 பக்கக் கோவை என்றால் பதின்மூன்று மாணவர்கள், ஆளுக்கு ஒரு பாரம். தன் பதினாறு பக்கத்தை எழுத்துரு மாற்றுவது, செப்பனிடுவது, கட்டுரையாளரிடம் ஐயம் கேட்டு எழுதுவது, மூன்று மெய்ப்புப் பார்ப்பது, அச்சுத் தகடு எடுக்கப் போகும் முன் கையெழுத்திடுவது எல்லாம் அந்த மாணவரின் பொறுப்பு. அச்சு நாளன்று அச்சகத்திலும் கட்டும் நாளன்று கட்டுமானக் கூடத்திலும் அவர் இருக்க வேண்டும். நூலின் இறுதிப் பக்கத்தில் எந்தப் பாரம் யார் பார்த்தது என்று பெயர் போட்டுவிட்டால், இரண்டாம் மெய்ப்பை யாரும் சோம்பலாகப் பார்க்க மாட்டார்கள்.

முப்பது பக்க அறிக்கையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, திருத்தக் குறிகள் போட்ட மூன்று மெய்ப்புக் கட்டுகளையும், ஏன் திருத்தினோம், எதைத் திருத்தாமல் விட்டோம் என்று எழுதிய இரண்டு பக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மெய்ப்புக் கட்டை விலைக்கு வாங்க முடியாது; மூத்த மாணவரிடமிருந்து பெயர் மாற்றி எடுக்கவும் முடியாது. வாய்மொழித் தேர்வில் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து மடித்து எண் போடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வழிநடத்தும் ஆசிரியர்களும் ஒரு முறையாவது அச்சகத்துக்கு வர வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சுவேலையை உடனிருந்து கவனித்தவர். உங்கள் அச்சகம் பெரும்பாலும் நகரப் பேருந்துத் தொலைவில்தான் இருக்கும்.

வெளியே பதிப்பகங்களுக்கு மாணவர்களை அனுப்புவதானால், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த நூல், எந்த இயல், யார் சொல்லித்தருவார். புத்தகத் திருவிழாவில் பத்து நாள் பில் போட வைத்துவிட்டு, மீதி நாள் கட்டுச் சுமக்க வைத்தால் அது பயிற்சி ஆகாது. (பில் போடும்போதும் ஒன்று கற்றேன்: வாங்குகிறவர் முதலில் பின்னட்டையைத்தான் படிக்கிறார். ஆனால் அதற்கு இரண்டு நாள் போதும்.) சிறு பதிப்பகங்களால் பெரிய உதவித்தொகை தர முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், 500 பிரதி அச்சிட்டு, கடைக்காரருக்குக் கழிவும் ஆசிரியருக்கு உரிமத்தொகையும் போக மிஞ்சுவதை நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். என்றாலும் மதியச் சாப்பாடும் பயணச் செலவுமாவது கேளுங்கள். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் நான் தப்பித்தேன்; என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர் ஒருவர் தினமும் வெளியூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டார். அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது.

எந்தத் துறையாவது வரும் கருத்தரங்கக் கோவையை இவ்வாறு செய்ய முன்வந்தால், முதல் இரண்டு வாரம் சனிக்கிழமை பிற்பகல்களில் வந்து மெய்ப்புக் குறிகளையும் பாரம் மடிப்பதையும் சொல்லித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன், ஊதியம் வேண்டாம். என்னுடைய மூன்று மெய்ப்புக் கட்டுகளையும் கொண்டுவருகிறேன். அவற்றில் என் தவறுகள் சிவப்பிலும், என் தவறுகளை உரிமையாளர் திருத்தியவை பச்சையிலும் இருக்கின்றன. மாணவர்கள் பச்சையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று மெய்ப்பும் முடித்து, கையெழுத்திட்டு, 500 பிரதியும் கட்டி வந்த பிறகு, முதல் பிரதியை அலுவலகத் தரையில் உட்கார்ந்து புரட்டினேன். 131ஆம் பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாம் வரியில், ஒரு "கரபி" அப்படியே இருந்தது. ஒன்பதாம் பாரம், நான் கையெழுத்திட்ட பாரம். மறுபதிப்பு வருமோ வராதோ, என் பிரதியில் அதைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தி,
அம்மாபேட்டை, சேலம்.